தசமபாகத்துக்கு முன்னால் சம்பளம்

ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றபோது, எங்கள் சபைத் தம்பி ஒருவர் பக்கத்தில் வந்து கேட்டார்: “அங்கிள், தசமபாகத்த மொத்த வியாபாரத்துல பாத்துக் கொடுக்கணுமா, லாபத்துல பாத்துக் கொடுக்கணுமா?” தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலை ஏற்றி ஆலைக்குக் கொண்டுபோகும் லாரித் தொழில் அவருக்கு. இரண்டு லாரி, நாலு ஆள். பேச்சுக்காகக் கேட்கவில்லை. வருகிற காசில் கடவுளுக்கு நேர்மையாக இருக்க வேண்டும் என்ற தவிப்பு அவர் முகத்திலேயே தெரிந்தது.

நின்ற இடத்திலேயே சொல்லக்கூடிய பதிலைச் சொன்னேன். லாரி வாடகையாக வருவது முழுக்க உங்கள் வருமானம் இல்லை. டீசலுக்கும் டயருக்கும் வங்கித் தவணைக்கும் ஆட்களுக்கும் வரிக்கும் போனது போக மிஞ்சுவதுதான் உங்களுடையது. தன்னுடையதிலிருந்துதான் ஒருவன் கொடுக்க முடியும், அதனால் லாபத்தில் பாருங்கள் என்றேன். அவருக்குத் திருப்தி. எனக்குத்தான் இல்லை. பத்தில் ஒரு பங்கு எவ்வளவு என்று கணக்குப் போடுவதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது: மேசை டிராயரில் கிடக்கும் இந்தக் காசில் யார் யாருடைய காசு கலந்து கிடக்கிறது? அதை அன்றைக்கு அவரிடம் விளக்கிச் சொல்ல நேரமில்லை. அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

நான் புந்தோங்கில் கறித்தூள் மில் நடத்துகிறேன். ஈப்போவைத் தெரிந்தவர்களுக்குப் புந்தோங் என்றதும் கச்சாங் பூத்தேதான் நினைவுக்கு வரும். அந்தக் கடலை, முறுக்கு வாசத்துக்கு நடுவே எங்கள் மிளகாய் நெடியும் உண்டு. மிளகாய், மல்லி, சீரகம், சோம்பு, மஞ்சள் எல்லாம் காயவைத்து, வறுத்து, அரைத்து, கால் கிலோவாகவும் ஒரு கிலோவாகவும் பொட்டலம் போட்டு பேராக் முழுக்க அனுப்புகிறோம். தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் முந்திய வாரங்களில் இயந்திரம் ஓய்வதே இல்லை. ஏழு பேர் வேலை செய்கிறார்கள். கணக்கு என் மனைவியின் பொறுப்பு. கீழே நான் சொல்லப்போவதில் பாதி அவர் எனக்குச் சொன்னது.

முதலில் ஊழியர் சேமநிதி. ஒருவருக்கு மாதச் சம்பளம் 2,000 வெள்ளி என்று வையுங்கள். அவர் பங்கு 11 விழுக்காடு, 220 வெள்ளி. முதலாளி பங்கு 13 விழுக்காடு, 260 வெள்ளி. ஆக 480 வெள்ளியை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். சம்பளம் போட்ட நாளிலிருந்து 15-ஆம் தேதி வரை அந்தப் பணம் நம் வங்கிக் கணக்கில் உட்கார்ந்திருக்கிறது. தொழில் செய்கிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய சோதனை என்று தெரியும். மிளகாய் வியாபாரி பாக்கி கேட்டு நிற்பார், லாரித் தவணை வந்து நிற்கும், அந்தப் பணம் கண்ணெதிரே கிடக்கும். ‘இந்த மாதம் எடுத்துக்கொண்டு அடுத்த மாதம் சேர்த்துக் கட்டிவிடலாம்’ என்று மனசு சொல்லும். அந்த 220 வெள்ளி நம்முடையதே இல்லை. இன்னொருவர் உழைத்துச் சம்பாதித்து, முதுமைக்கென்று நம் கையில் நம்பிக் கொடுத்தது. அதைப் பிடித்தம் செய்துவிட்டுக் கட்டாமல் விடுவது சட்டப்படியும் குற்றம். அப்படிச் செய்த முதலாளிகளை இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். அவர்களில் சிலர் ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பையில் தடித்த உறை போடுகிறவர்கள் என்பதும் தெரியும். அந்த உறையைப் பற்றி எனக்கு ஒரே அபிப்பிராயம்தான்: அதில் இருப்பது கொடுத்தவருடைய காசு இல்லை.

சம்பள நாளும் அப்படித்தான். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் கூலி கைக்குப் போய்ச் சேர வேண்டும். வேதம் அதைவிடக் கெடுபிடி. லேவியராகமம் 19-ஆம் அதிகாரமும் உபாகமம் 24-ஆம் அதிகாரமும் கூலியாளின் கூலியை ஓர் இரவுகூட வைத்திருக்க விடவில்லை. சூரியன் மறைவதற்குள் கொடுத்துவிட வேண்டும், ஏனென்றால் அவன் ஏழை, அதன்மேல்தான் அவன் உயிரே இருக்கிறது என்று காரணமும் சொல்கிறது. புதிய ஏற்பாட்டில் யாக்கோபு இன்னும் ஒரு படி மேலே போகிறார். பிடித்துவைத்த கூலி தானே கூக்குரலிடுகிறது, அந்தக் குரல் கடவுளின் காதுக்குப் போய்விட்டது என்கிறார். தசமபாகத்தைப் பற்றி மல்கியாவை எடுத்து எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அதே மல்கியா மூன்றாம் அதிகாரத்தில், தசமபாகம் வருவதற்குச் சில வசனங்களுக்கு முன்னாலேயே, கூலிக்காரனின் கூலியில் கைவைக்கிறவர்களுக்கு எதிராகக் கடவுள் சாட்சியாக வருவார் என்று எழுதியிருக்கிறது. அந்த வசனத்தை எடுத்துப் பிரசங்கம் செய்தால் நம் சபைகளில் எத்தனை முதலாளிகள் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள் என்று நான் யோசித்ததுண்டு.

கூலி விஷயத்தில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் என் அம்மா. சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் சீவியவர். இருட்டிலேயே பெரட்டு என்ற ஆள்கணக்கு, பிறகு தலையில் விளக்கோடு வெட்டுக்காடு. வெயில் ஏறுவதற்குள் மரங்களைச் சீவி முடித்து, மங்குகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, காண்டாக் கம்பில் தொங்கவிட்டு, தோளில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே கிராணி முதலில் பாலை நிறுப்பார். அதோடு முடியாது. மெட்ரோலாக் என்று ஒரு மிதவை உண்டு, கோடு போட்ட தண்டு வைத்தது. அதைப் பாலில் விடுவார். தண்டு எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதை வைத்துத்தான் அந்தப் பாலில் எவ்வளவு காய்ந்த ரப்பர் இருக்கிறது என்ற கணக்கு. மரத்திலிருந்து வடியும் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மீதியெல்லாம் தண்ணீர். அதனால் கூலியை முடிவு செய்வது எடை மட்டும் இல்லை, அந்தக் கோடும்தான். எடைத் தராசின் முள்ளை அம்மாவுக்குப் பார்க்கத் தெரியும். மிதவையைப் படிக்கத் தெரியாது. கிராணி குனிந்து பார்ப்பார், நிமிர்ந்து புத்தகத்தில் எழுதுவார். அம்மா எதிரே நிற்பார். எழுதியது சரியா தவறா என்று கேட்க வாய் வராது. மழை பெய்த நாளில் சீவ முடியாது, காசும் கிடையாது. அந்தக் கிராணி நல்லவராகவே இருந்திருக்கலாம். அதை உறுதி செய்துகொள்ள அம்மாவுக்கு வழியே இல்லாமல் போனதுதான் என் மனசில் இன்னும் நிற்கிறது.

உபாகமம் 25-இல் பையில் இரண்டு விதமான எடைக்கல் வைத்திருக்காதே என்று ஒரு கட்டளை வருகிறது. வாங்கும்போது பெரியது, விற்கும்போது சிறியது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோட்டத்து ஸ்டோர்தான் கண்ணில் வரும். எங்கள் மில்லில் தராசு எல்லாரும் பார்க்கிற உயரத்தில், கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அரைத்து வந்த தூள் சூடாக இருக்கும். அப்படியே பொட்டலம் போட்டால் ஈரம் கோத்துக் கட்டி தட்டும், எடையும் பின்னால் மாறும். அதனால் தட்டில் பரப்பி ஆறவைத்து, கால் கிலோப் பொட்டலத்துக்கு 252 கிராம் வைக்கச் சொல்லியிருக்கிறேன். அந்த இரண்டு கிராமில் ஆண்டுக்கு எவ்வளவு போகிறது என்று தெரியும். அரிசி மாவு சேர்த்தால் எவ்வளவு மிஞ்சும் என்றும் தெரியும். கலர் கொஞ்சம் வெளுக்கும், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று தொழிலில் இருக்கிறவர்களே வந்து சொல்லிக்கொடுப்பார்கள். பொட்டலத்தில் மிளகாய்த்தூள் என்று அச்சடித்துவிட்டு மாவை விற்று, அந்த லாபத்தில் அநாதை இல்லத்துக்கு அரிசி மூட்டை அனுப்புவது என்னால் ஆகாது.

வாரத்தில் ஒரு நாள் எங்கள் வேன் லாஹாட், பூசிங், பாப்பான், பத்து காஜா என்று ஒரு சுற்றுப் போகும். பல நேரம் நானே ஓட்டுவேன். இந்தப் பாதையில் பணத்தையும் கொடையையும் பற்றி யோசிக்கவைக்கிற இடங்கள் இரண்டு உண்டு.

ஒன்று பத்து காஜாவுக்குப் பக்கத்தில் உள்ள கெல்லிஸ் காசல். சுற்றுலா வருகிறவர்கள் எல்லாரும் படம் எடுத்துக்கொள்ளும் பாதி கட்டிய மாளிகை. ஸ்காட்லாந்திலிருந்து 1890-இல் இருபது வயது இளைஞராக வந்த வில்லியம் கெல்லி ஸ்மித், இங்கே காட்டை வாங்கி ரப்பர் போட்டார். கிந்தா கெல்லாஸ் தோட்டம். 1915-இல் பெரிய மாளிகையைக் கட்டத் தொடங்கினார், வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பிறகு ஸ்பானியக் காய்ச்சல் தோட்டத்தில் பல உயிர்களைக் கொண்டுபோனது. தொழிலாளர்கள் தங்களுக்கு ஒரு மாரியம்மன் கோயில் வேண்டும் என்று கேட்டார்கள், அவரும் கட்டிக் கொடுத்தார். கோயில் இன்றும் இருக்கிறது. அதன் மேலே தெய்வ உருவங்களுக்கு நடுவே தொப்பி போட்ட வெள்ளைக்காரர் ஒருவரையும் நிற்கவைத்திருக்கிறார்கள், நன்றிக்காக. மாளிகை முடியவில்லை. ஸ்மித் 1926-இல் லிஸ்பனில் நிமோனியாவில் இறந்தார். தோட்டம் கைமாறியது.

கிறிஸ்தவ நாட்டிலிருந்து வந்த ஒரு முதலாளி, தன் ஆட்கள் கேட்ட தெய்வத்துக்கு இடம் கொடுத்தார் என்பதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். கேட்ட காதும் கொடுத்த மனசும் பெரியவை. ஆனால் பேராக் தோட்டங்களின் கதையை மொத்தமாகப் பார்த்தால் ஒரு வழக்கம் தெரிகிறது. கோயிலுக்கு இடம் கிடைத்தது, மாதாகோயிலுக்கு இடம் கிடைத்தது, திருவிழாவுக்கு நன்கொடை கிடைத்தது. குடியிருந்த லயத்து வீடு மட்டும் வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். மூன்று தலைமுறை பால்மரம் சீவிய குடும்பம், தோட்டம் விற்கப்பட்ட அன்றைக்குச் சட்டிபானையோடு வெளியே நின்றது. ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோதும் வீடமைப்பு நிறுவனங்கள் நிலத்தை வாங்கியபோதும் இதுதான் நடந்தது. கொடுத்தவர்கள் கொடுக்க விரும்பியதைக் கொடுத்தார்கள். உழைத்தவர்களுக்குச் சேர வேண்டியது எது என்ற கணக்கைப் பலர் எடுக்கவே இல்லை.

அந்தக் கணக்கை எடுத்தவர் ஒருவரும் நம் பேராக்காரர்தான். சுங்கை சிப்புட்டில் 1919-இல் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன். ஐம்பதுகளின் இறுதியில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றுக்கொண்டிருந்த நேரம். 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டப் பாட்டாளிகளிடமே பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் சேர்த்து, அந்தப் பணத்தில் தோட்டங்களை வாங்கினார். அவர் கிறிஸ்தவர் இல்லை. ஆனால் லேவியராகமம் 25-இல் யூபிலி ஆண்டில் நிலம் பழைய குடும்பங்களுக்குத் திரும்ப வேண்டும் என்ற சட்டத்தைப் படிக்கும்போது, என் அறிவுக்கு எட்டியவரை இந்த மண்ணில் அதற்குக் கிட்டத்தில் வந்த காரியம் இதுதான்.

இரண்டாவது இடம் பாப்பான். பழைய ஈயச் சுரங்க ஊர், இப்போது பாதிக் கடைவீடுகள் இடிந்து செடி முளைத்துக் கிடக்கின்றன. அதில் சிபில் கார்த்திகேசு குடியிருந்த 74-ஆம் எண் வீட்டைத்தான் சொல்கிறேன். அவர் பெயர் நம் பிள்ளைகளுக்கு வரலாற்றுப் பாடத்தில் ஒரு வீராங்கனையாக மட்டும் தெரியும். என்னைப் பொறுத்தவரை அவரும் அவர் கணவரும் ஈப்போவில் தொழில் நடத்திய கிறிஸ்தவர்கள். அதை யாரும் பேசுவதில்லை.

கணவர் தைப்பிங்கைச் சேர்ந்த தமிழர், டாக்டர். கத்தோலிக்கராகி ஆப்டன் கிளமென்ட் கார்த்திகேசு என்று பெயர் பெற்றவர். சிபில் மேடானில் 1899-இல் பிறந்த யுரேசியப் பெண், பயிற்சி பெற்ற தாதி, மருத்துவச்சி. 1919-இல் திருமணம். 1926-இல் ஈப்போ புரூஸ்டர் சாலை 141-ஆம் எண்ணில் கிளினிக் திறந்தார்கள். அந்தச் சாலைதான் இன்றைய ஜாலான் சுல்தான் இட்ரிஸ் ஷா. பதினைந்து ஆண்டுக்கு மேல் அது ஓடியது. சிபில் கண்டனீஸ் சரளமாகப் பேசுவார், அதனால் சீனக் குடும்பங்களும் தயங்காமல் வந்தன. கவனியுங்கள், இது அறநிலையம் இல்லை. தனியார் கிளினிக். வாடகை உண்டு, மருந்துக் கணக்கு உண்டு, வளர்க்கப் பிள்ளைகள் உண்டு. நோயாளி கொடுக்கும் கட்டணத்தில்தான் அந்தக் குடும்பம் சாப்பிட்டது.

1941 டிசம்பரில் ஈப்போமேல் குண்டு விழுந்தது, குடும்பம் பாப்பானுக்கு இடம் பெயர்ந்தது. கடைவீட்டின் முன்பகுதியில் மருந்துச் சாலை. ஊர்க்காரர்கள் முன்வாசலில் வந்தார்கள். கையில் காசில்லாதவர்களுக்கும் மருந்து கிடைத்தது, அதுவும் மருந்துக்கு அவ்வளவு தட்டுப்பாடான காலத்தில். இருட்டிய பிறகு பின்புறத் தோட்டம் வழியாகக் கொரில்லாக்கள் வந்தார்கள், ஜப்பானியரை எதிர்த்துக் காட்டில் இருந்தவர்கள். குண்டுக் காயங்களுக்கு அங்கேயே சிகிச்சை. மாடிப்படிக்கு அடியில் ஒரு பள்ளத்தில் வானொலிப் பெட்டியை ஒளித்துவைத்துச் செய்தி கேட்டார்கள். பிடிபட்டால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். 1943-இல் பிடிபட்டார்கள். சிபிலைச் சித்திரவதை செய்தார்கள், சின்ன மகளைக்கூட அவர் கண்ணெதிரே மரத்தில் கட்டித் தொங்கவிட்டு மிரட்டினார்கள். அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. போர் முடிந்து பிரிட்டனுக்குச் சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள், ஜார்ஜ் பதக்கம் கொடுத்தார்கள். 1948 ஜூன் 12-இல் ஸ்காட்லாந்தில் காலமானார். அடுத்த ஆண்டு உடலை ஈப்போவுக்குக் கொண்டுவந்து கத்தோலிக்கக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.

அந்தத் துணிச்சல் எனக்கு வரும் என்று சொல்லிக்கொள்ளமாட்டேன். ஆனால் ஒரு தொழில்காரனாகப் பார்க்கும்போது ஒன்று தெரிகிறது. அவர்கள் லாபத்திலிருந்து ஒரு பங்கை ஒதுக்கிக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. எந்தத் தொழிலால் பிழைத்தார்களோ அதையே கொடுத்தார்கள்: அதே கைத்திறன், அதே மருந்து அலமாரி, அதே வீட்டின் பின்கதவு. புரூஸ்டர் சாலையில் பதினைந்து ஆண்டு ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒரே மாதிரி கதவு திறந்த பழக்கம் இல்லாமல், பாப்பானில் திடீரென்று பின்கதவு திறந்திருக்காது என்றே நினைக்கிறேன். என் மில்லுக்கும் அந்தக் கிளினிக்குக்கும் உள்ள தூரம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. ஆனாலும் நாங்கள் எதைக் கொடுப்பது என்று பேசும்போதெல்லாம், மில்லைக்கொண்டு எதைக் கொடுக்க முடியும் என்றுதான் தொடங்குகிறோம்.

கடன் நோட்டு ஓர் உதாரணம். எங்களிடம் கறித்தூள் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் வீட்டுச் சமையல் குத்தகை எடுக்கும் பெண்கள், ஒட்டுக்கடைக்காரர்கள். கல்யாணம் முடிந்து பணம் வந்ததும் கொடுப்பார்கள். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததும் கல்யாணமும் இல்லை, கடையும் இல்லை. நோட்டில் பெயர்கள் நிற்கின்றன, தொகைகள் நிற்கின்றன. மனைவி ஒரு இரவு அந்த நோட்டைக் கொண்டுவந்து வைத்து, உபாகமம் 15-ஐத் திறந்து வைத்தார். ஏழாம் ஆண்டில் கடனை விட்டுவிட வேண்டும் என்ற அதிகாரம். விடுதலை ஆண்டு நெருங்குகிறதே என்று கணக்குப் பார்த்து ஏழைக்குக் கையை மூடாதே என்று அதில் எச்சரிக்கையும் இருக்கிறது. யாரால் பின்னால் கொடுக்க முடியும், யாரால் முடியாது என்று பெயர் பெயராகப் பேசினோம். முடியாதவர்கள் பக்கத்தில் மனைவி கோடு போட்டார். அவர்களுக்குப் போன் செய்து, “அக்கா, பழைய கணக்கு முடிஞ்சுது. தொழில் ஆரம்பிச்சா கூப்பிடுங்க, தூள் அனுப்புறோம்” என்று மட்டும் சொன்னார். காரணம் சொல்லவில்லை, சாட்சி சொல்லச் சபைக்கும் போகவில்லை.

முன்பணமும் அப்படித்தான். மாத நடுவில் பிள்ளைக்குப் பள்ளிச் செலவு, தாய்க்கு மருந்து என்று வந்து நிற்பார்கள். நாம் இல்லை என்றால் அடுத்த கதவு ஆலோங் என்ற வட்டிக்காரனின் கதவு. வட்டி வளர்ந்து வீட்டுச் சுவரில் சிவப்புச் சாயம் வீசுகிற வரைக்கும் போகும். நம் சமூகத்தில் எத்தனை குடும்பம் அப்படி அழிந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. ஏழைக்குக் கொடுத்த காசுக்கு வட்டி வாங்காதே என்று யாத்திராகமம் 22 சொல்கிறது. சம்பளத்தில் பாதிக்கு மேல் பிடிக்கக் கூடாது என்பது நாட்டுச் சட்டம். நாங்கள் அந்தப் பாதிக்கு வெகு கீழேயே, அவர்கள் சொல்கிற தவணையில் பிடித்துக்கொள்கிறோம்.

நாங்கள் மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்தவர்கள். 1895-இல் ஹோர்லி போதகர் ஈப்போவில் ஆங்கிலோ-சீனப் பள்ளியைத் தொடங்கிய காலத்திலிருந்து இங்கே வேரூன்றிய சபை. அதன் தந்தை ஜான் வெஸ்லி பணத்தைப் பற்றி ஒரு பிரசங்கம் எழுதியிருக்கிறார். முடிந்தவரை சம்பாதி, முடிந்தவரை சேமி, முடிந்தவரை கொடு என்பதுதான் அதன் சாரம் என்று எல்லாரும் சொல்வார்கள். முதல் பகுதியில் அவர் போட்ட வேலிகளைச் சொல்வதில்லை. அண்டை வியாபாரியைக் கெடுக்க விலையை அடிமட்டத்துக்கு இறக்காதே, அவன் வேலையாட்களை ஆசைகாட்டி இழுக்காதே, பிறர் உடம்பைக் கெடுக்கிற சரக்கை விற்காதே என்று வரிசையாகப் போகிறது. சம்சு என்ற மலிவுச் சாராயத்தால் தோட்டத்து வீடுகள் சீரழிந்ததைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்தக் கடைசி வேலி நன்றாகவே புரியும். வெஸ்லி தன் இளவயதுக் கணக்கையும் எழுதிவைத்தார். ஆண்டு வருமானம் 30 பவுண்டு, செலவு 28, கொடுத்தது 2. அடுத்த ஆண்டு வருமானம் 60 ஆனது, செலவு அதே 28, கொடுத்தது 32. அடுத்து 90, கொடுத்தது 62. பத்தில் ஒன்று என்ற பேச்சே இல்லை. தன் செலவுக்கு ஒரு கோடு போட்டார், அதற்கு மேல் வந்ததெல்லாம் போயிற்று. அவர் அளவுக்கு எங்களால் முடியவில்லை. ஆனால் வீட்டுச் செலவுக்கு இவ்வளவு என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒரு கோடு போடுகிறோம். மில் நன்றாக ஓடிய ஆண்டில் காரை மாற்றலாமே என்று தோன்றும்போது அந்தக் கோடு உதவுகிறது.

இந்த இடத்தில் ஒன்றை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். காணிக்கையை விதை என்று சொல்லி, ஆயிரம் போட்டால் பத்தாயிரமாக முளைக்கும் என்று வாக்குக் கொடுக்கும் ஊழியங்களை நான் ஏற்கவில்லை. கடனில் மூழ்கும் சிறு வியாபாரிகளைத்தான் அந்தப் பேச்சு முதலில் பிடிக்கிறது. வாடகைக் காசைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு அதிசயத்துக்குக் காத்திருக்கிறார்கள். திரும்ப வரும் என்று போடுவது முதலீடு, கொடை ஆகாது. பவுல் கூடாரம் தைத்துப் பிழைத்தவர். யாருடைய பொன்னுக்கும் வெள்ளிக்கும் நான் ஆசைப்படவில்லை, இந்தக் கைகளால் உழைத்து என் கூட இருந்தவர்களையும் பார்த்துக்கொண்டேன் என்று எபேசு சபை மூப்பர்களிடம் சொல்லி விடைபெற்றார். கைத்தொழில் செய்கிற எவனுக்கும் அந்தப் பேச்சு புரியும்.

தைப்பூசத்துக்குக் குனோங் சீரோ கல்லுமலைக் கோயிலுக்குப் போகிறவர்களுக்குப் புந்தோங்கில் தெருவெல்லாம் தண்ணீர்ப் பந்தல், அன்னதானம். பக்கத்துத் தெரு இளைஞர்கள் எங்களிடம் கறித்தூள் கேட்பார்கள். கொடுக்கிறோம். விசுவாசி இதைச் செய்யலாமா என்று சபையில் கேட்டவர்கள் உண்டு. மில் ஓடுவதே இந்தத் தெருக்காரர்கள் வாங்குவதால்தான். வெயிலில் நடந்து களைத்து வருகிறவருக்குச் சோற்றில் குழம்பு ஊற்றுகிறார்கள், அந்தக் குழம்பில் எங்கள் தூள் இருக்கிறது. எல்லாருக்கும் நன்மை செய்யுங்கள் என்று கலாத்தியருக்கு எழுதிய பவுல் விதிவிலக்குப் பட்டியல் ஒன்றும் இணைக்கவில்லை.

கடைசியாக, எனக்கு இன்னும் முழுதாக விடை கிடைக்காத ஒரு காரியம். எங்கள் ஏழு பேரில் இருவர் வங்காளதேசத்துக்காரர்கள். நம் பாட்டன்மார் கங்காணி பேச்சை நம்பிக் கப்பலேறிய மாதிரியே இவர்களும் ஏஜெண்டு பேச்சை நம்பி, ஊரில் நிலத்தை அடகு வைத்து வந்திருக்கிறார்கள். அம்மா சீவிய தோட்டத்தில் இன்று செம்பனை நிற்கிறது. பழைய லயத்தில் அந்நியத் தொழிலாளர்கள் தங்கியிருக்கிறார்கள். எகிப்தில் நீங்களும் அந்நியராக இருந்தீர்களே, அந்நியனை ஒடுக்காதீர்கள் என்று தோரா திரும்பத் திரும்பச் சொல்லும் கட்டளையை, தோட்டத்தில் பிறந்து முதலாளியானவன் எப்படித் தள்ளிவிட்டுப் போவது?

2025 அக்டோபரிலிருந்து அந்நியத் தொழிலாளர்களுக்கும் சேமநிதி கட்டாயம், இரு தரப்பும் 2 விழுக்காடு. மற்ற ஐந்து பேருக்கு 13, இவர்களுக்கு 2. சட்டம் அவ்வளவுதான் கேட்கிறது. ஒரே இயந்திரம், ஒரே மிளகாய் நெடி, ஒரே தும்மல். மீதி 11 விழுக்காட்டுக்குச் சமமான தொகையை அவர்கள் ஊர் திரும்பும்போது கொடுப்பதற்கென்று தனிக் கணக்கில் போடலாம் என்கிறார் மனைவி. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக ஏறிய பிறகு, மிளகாய் விலையும் ஏறியிருக்கும் நிலையில், மில் அதைத் தாங்குமா என்று நான் கேட்டேன். மில் மூடினால் ஏழு குடும்பத்து அடுப்பும் அணையும், அந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இரண்டு பேருமாக உட்கார்ந்து எண்களைப் போட்டுப் பார்த்தோம். வீட்டுச் செலவுக் கோட்டைக் கொஞ்சம் கீழே இறக்கினால் முடியும் போலிருக்கிறது. தீபாவளி ஆர்டர் கணக்கு வந்ததும் முடிவு செய்வதாக இருக்கிறோம்.

அவர்கள் பாஸ்போர்ட்டை நாங்கள் வாங்கி வைப்பதில்லை. நண்பர் ஒருவர், அவரும் நம் விசுவாசிதான், “ஓடிப்போயிட்டா என்ன செய்வீங்க?” என்று கேட்டார். வேறு ஆள் தேட வேண்டியதுதான் என்றேன். அடுத்தவர் பாஸ்போர்ட்டைப் பிடித்துவைப்பது இந்த நாட்டில் குற்றம் என்பதையும் சொன்னேன். அவர் பீரோவில் எத்தனை பாஸ்போர்ட் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை, அவராகவே எண்ணிச் சொன்னார். இந்த வாரம் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றும் சொல்லியிருக்கிறார்.